உடைமுள் ஊரில் டியூப்லெஸ் சைக்கிள்: மூன்று வருஷத்துக் கணக்கு

"எப்பா, நானும் டியூப்லெஸ்ஸுக்கு மாறிரலாம்னு பாக்கேன். நீ மூணு வருஷமா ஓட்டுதல்லா, போடலாமா வேண்டாமா?" என்று சேக்காளி ஒருவர் கேட்டார். டியூப்லெஸ் என்றால் உள்ளே டியூப் கிடையாது, டயரே காற்றைப் பிடித்துக்கொள்ளும்; ஓட்டையை அடைக்க சீலன்ட் என்ற பாலை டயருக்குள் ஊற்றி வைப்போம். போடலாம் என்று சொல்ல வாயெடுத்த அன்றுதான் பின்டயர் மறுபடி காற்றிறங்கி நின்றது. ஆகவே பதில் நீளும், கொஞ்சம் காரமாகவும் இருக்கும்.

சைக்கிளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 29 இஞ்ச் சக்கரம், 2.2 அகல டயர், உள்ளகலம் 25 மில்லிமீட்டர் ரிம், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன். கியரும் பிரேக்கும் அதனதன் வேலையைச் செய்கின்றன. ஓடும் தடங்கள்: கல்லிடைக்குறிச்சியிலிருந்து சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கம் வரும் கன்னடியன் கால்வாய்க் கரை, நாங்குநேரி, கூந்தன்குளம், விஜயநாராயணம் சுற்றிலும் உள்ள குளத்துக்கரைகள், வண்டிப்பாதைகள், எப்போதாவது தேரி எனப்படும் செம்மணல் மேடு. பாபநாசம், மணிமுத்தாறு சோதனைச் சாவடிகளுக்கு மேலே உள்ள காட்டுப்பாதை இந்தக் கணக்கில் சேராது. களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து 1988-லேயே புலிகள் காப்பகம் ஆகிவிட்டன. வனத்துறை அனுமதி இல்லாமல் சைக்கிளிலும் போகக்கூடாது, நடந்தும் போகக்கூடாது.

கீழே உள்ள தடங்களில் சக்கரத்தைக் கெடுப்பது முள்தான். அதில் மூன்று சாதி. முதலாவது உடைமுள். குடை விரித்த மாதிரி நிற்கும் உடைமரத்தின் வெள்ளை முள், இரண்டிரண்டாக, நேராக, நான்கைந்து சென்டிமீட்டர் நீளம். வேலிக்கு வெட்டிப் போட்ட கிளை காய்ந்து, ஆனி ஆடிக் காற்றில் நகர்ந்து பாதைக்கு வந்துவிடும். பச்சையாக இருக்கும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், காய்ந்துவிட்டால் ஆணிதான். குத்தியவுடன் ஒடிந்து நுனியை மட்டும் டயருக்குள் விட்டுவிட்டுப் போவது இதன் குணம். இரண்டாவது நெருஞ்சி. மழைக்குப் பிறகு கரையெல்லாம் மஞ்சள் பூவாகப் படரும்போது அழகாக இருக்கும். தை, மாசியில் அதன் காய் காய்ந்து உதிர்ந்ததும் ஒரே உருட்டில் பத்துப் பதினைந்து காய் டயரில் ஒட்டும். எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது வானத்தைப் பார்த்து நிற்கிற காய் அது. மூன்றாவது குளத்துக்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல். அதைப் பற்றிப் புதிதாக யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

டியூப் போட்டு இந்தக் கரைகளில் போனால் ஒரு நாளுக்கு ஒரு பஞ்சர் சாதாரணம், நெருஞ்சிக் காலத்தில் மூன்று. டியூப்லெஸ்ஸில் இந்த எண்ணிக்கை கிட்டத்தட்ட பூஜ்யம். மிகைப்படுத்தவில்லை. முள்ளைப் பிடுங்குவோம், "உஸ்" என்று வெள்ளையாக நுரை வரும், ஓட்டை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி அரை நிமிடம் வைப்போம், அடைத்துவிடும். காற்றழுத்தம் இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைந்திருக்கும், அவ்வளவே. ஆனால் அடைப்பது மிதிபரப்பில், அதாவது தரையில் படும் பகுதியில், விழும் ஓட்டையைத்தான். பக்கச்சுவர் மெல்லியது, ஓட்டத்தில் மடங்கி மடங்கி நிமிரும். அங்கே அடைப்பு நிற்காது. பனைமட்டைக் கருக்கு உரசி நூல் தெரியக் கீறிவிட்டால் எந்தச் சீலன்ட்டும் உதவாது.

காற்று விஷயத்தில்தான் எதிர்பாராத சந்தோஷம். டியூப் இருந்தபோது 38 பிஎஸ்ஐக்குக் கீழே இறக்க முடியாது. கல்லில் ஏறினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும். நசுங்க டியூபே இல்லாததால் 70 கிலோ ஆள் முன்னால் 22, பின்னால் 25 வைத்து ஓட்டலாம். கால்வாய்க் கரையின் மாட்டுக்குளம்புத் தடங்கள் கையில் அடிப்பதே இல்லை. செம்மணலில் 18 வரை இறக்கினால் டயர் பரந்து மணலின் மேலேயே போகும். முன்பு இறங்கித் தள்ளிய இடங்களில் பாதியை மிதித்தே கடக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே டியூப்லெஸ் போடலாம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

இனி எரிச்சலுக்கு வருவோம். எல்லாம் அந்தப் பால்.

சீலன்ட் என்று விற்பதில் பெரும்பாலானது ரப்பர் பால்தான்: லேட்டக்ஸ், கூடவே ஓட்டையை அடைக்கத் துகள்கள், கெட்டியாகாமல் இருக்க அம்மோனியா. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் பார்த்தவர்களுக்கு இந்த வாடை தெரியும். பால் திரவமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும். டயரின் மெல்லிய துணி வழியாக ஈரம் மெதுவாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. சூடு அதை வேகப்படுத்துகிறது. பாட்டிலில் "மூன்று முதல் ஆறு மாதம்" என்று அச்சடித்திருக்கிறார்கள். அது எந்த ஊர் மாதமோ. பங்குனியிலிருந்து ஆவணிவரை இங்கே ஐந்து வாரம், மிஞ்சினால் ஆறு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நிறுத்தினால் நாலு. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். மூன்று கம்பெனிப் பால் ஊற்றிப் பார்த்தாச்சு, பாட்டிலின் நிறம்தான் வேறு.

காய்ந்ததை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது, கோபமே அதில்தான். காற்று நிற்கும், சைக்கிள் ஓடும், எல்லாம் சரியாகத் தெரியும். அடுத்த முள் ஏறும்போதுதான் உள்ளே பாலே இல்லை என்று தெரியவரும். சக்கரத்தைக் காதருகே தூக்கிச் சுற்றினால் சளசளவென்று கேட்க வேண்டும். கேட்காமல் எதுவோ ஒன்று உருண்டு தட்டினால் அது பால் திரண்ட ரப்பர் உருண்டை.

நம்பகமான சோதனைக்கு ஓர் ஈர்க்குச்சி போதும். வால்வை மேலே வைத்துக் காற்றை முழுக்க இறக்குங்கள். வால்வு கீழே இருக்கும்போது இறக்கினால் பால் முகத்தில் அடிக்கும். நுனிக்குறட்டால் வால்வின் உள்தண்டைத் திருகி எடுங்கள். சக்கரத்தை மெதுவாகத் திருப்பி வால்வைக் கீழே கொண்டுவந்து இரண்டு நிமிடம் விட்டு, ஈர்க்குச்சியை உள்ளே தரைவரை விட்டு எடுங்கள். எஞ்சின் ஆயில் பார்ப்பது மாதிரிதான். நுனியில் அரை சென்டிமீட்டராவது வெள்ளையாக நனைந்திருந்தால் சரி. பிசுபிசுப்பு மட்டும் ஒட்டினால் 60 மில்லி ஊற்ற வேண்டியதுதான். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து வால்வு வழியாகவே ஏற்றலாம். ஏற்றும்முன் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். துகள்கள் அடியில் தங்கிவிட்டால் மேலாக்க ஊற்றியது வெறும் தண்ணிப்பால், எதையும் அடைக்காது.

முதல்முறை ஒரு டயருக்கு 110 மில்லி. பிறகு கோடை, காற்றுக் காலத்தில் நாலு தடவை, மற்ற மாதங்களில் இரண்டு தடவை, தடவைக்கு 60 மில்லி. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து வருஷத்துக்கு 720 மில்லி. பழைய பால் போவதில்லை, பாலாடை மாதிரி உள்சுவரில் படிந்துகொண்டே வரும். வருஷம் ஒருமுறை டயரைக் கழற்றி அந்த ஆடையைப் பெருவிரலால் உருட்டி உருட்டி உரித்தெடுக்க வேண்டும். ஒரு டயருக்கு அரை மணி நேரம். "பராமரிப்பே தேவையில்லை" என்று விற்றவரை அந்த அரை மணி நேரமும் நினைத்துக்கொள்ளலாம்.

வால்வு அடுத்தது. பால் உள்தண்டில் ஏறிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். பம்ப் முள் 50, 60 என்று காட்டும், டயரோ அமுங்கியபடியே இருக்கும். பம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதுப் பம்ப் வாங்கியவர்கள் உண்டு. உள்தண்டை எடுத்து ஊக்கால் சுரண்டினால் தீர்ந்தது. மாற்று உள்தண்டு இரண்டு பையில் கிடக்கட்டும். காற்றடிக்கும்போது வால்வு கீழே இருக்கக் கூடாது என்பதும் இதற்காகத்தான். கார்பன் டை ஆக்சைடு குப்பி வேண்டவே வேண்டாம்; அந்த வாயு பட்டால் லேட்டக்ஸ் பால் திரிந்துவிடும்.

பஞ்சர் கடை அண்ணாச்சிகளைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கையில் இருப்பது பைக் டயர் ஓட்டையில் செருகும் தடித்த ரப்பர் திரி, அதாவது பிளக். அதைச் சைக்கிள் டயரில் ஏற்ற ஓட்டையைப் பெரிதாக்கித் துணி நூலை அறுக்க வேண்டியிருக்கும். ஊசியளவு ஓட்டை பென்சிலளவு ஆகும். ஒன்றரை, மூன்றரை மில்லிமீட்டர் சைக்கிள் பிளக்கை நாமேதான் வைத்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் கம்ப்ரசர் பெரிய உதவி. டயர் விளிம்பு ரிம்மில் உட்கார ஒரே மூச்சில் காற்று வேண்டும். கைப்பம்பில் பெரும்பாலும் நடக்காது. இந்தச் சக்கரத்தில் இருக்கும் மெல்லிய பிரெஸ்டா வால்வில் மாட்டும் பித்தளை மாற்றி ஒன்றைக் கொண்டுபோய், விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வுத் திருகைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். டப், டப் என்று இரண்டு சத்தம் கேட்டதும் நிறுத்த வேண்டும். லாரிக்கு அடிக்கிற வேகத்தில் விட்டால் டயர் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டிவிடும்.

மாற்றும்போது நடக்கும் தப்புகள் இரண்டு. ரிம் டேப் உள்ளகலத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் அதிகமாக, இரண்டு சுற்று, நன்றாக இழுத்து ஒட்ட வேண்டும். ஒட்டுமுன் ரிம்மை ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் ஸ்போக் துவாரம் வழியாகப் பால் கசியும். வால்வுத் துளையைக் கத்தியால் கிழிக்காமல் சூடேற்றிய ஊசியால் குத்துங்கள். கிழித்த இடம் மேலும் கிழியும். இன்னொன்று, சைக்கிளோடு வந்த சாதாரண டயரிலேயே பால் ஊற்றிப் பார்ப்பது. பக்கச்சுவரெல்லாம் வியர்த்த மாதிரி துளித் துளியாக வரும். டயர், ரிம் இரண்டிலும் டியூப்லெஸ் ரெடி என்று எழுதியிருந்தால் மட்டுமே இறங்குங்கள்.

எல்லாம் கைவிட்டால் டியூப் போட்டு வீடு சேரலாம் என்பார்கள். அதற்கும் இந்த ஊரில் ஒரு சிக்கல் உண்டு. மூன்று மாதமாகச் சத்தமில்லாமல் அடைபட்ட முள்நுனிகள் எல்லாம் டயருக்குள் அப்படியே நிற்கின்றன. இன்று மாலை பின்டயரை உள்வெளியாகத் திருப்பி எடுத்ததில் எண்ணிக்கை 41. டியூப் உள்ளே போன நிமிடமே அத்தனையும் அதில் இறங்கும். விரலால் தடவித் தேடினால் விரல்தான் கிழியும். பழைய வேட்டித் துணியையோ பஞ்சையோ உள்ளே ஒரு சுற்று ஓட்டுங்கள். இழை மாட்டுகிற இடத்தில் முள் இருக்கிறது. நகவெட்டியால் பிடித்து உள்பக்கமாகவே இழுக்க வேண்டும். வெயிலில், கருவேல நிழலில், பால் ஒட்டிய கையோடு செய்து பாருங்கள், டியூப்லெஸ் மேல் உள்ள மரியாதை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரியும். டியூப் போட முதலில் டியூப்லெஸ் வால்வை ரிம்மிலிருந்து எடுக்க வேண்டும், அதன் அடித் திருகு கையால் கழலாது என்பதால் நுனிக்குறடு இல்லாமல் இதையும் தொடங்க முடியாது.

நடைக்கும் இதே முள்தான். ட்ரெக்கிங் ஷூவின் அடியில் பற்கள் தடிப்பாக இருந்தாலும் பற்களுக்கு நடுவே உள்ள பள்ளம் மெல்லியது. அதற்கு மேலே இருப்பது ஸ்பாஞ்ச் மாதிரியான பொருள். உடைமுள் அந்தப் பள்ளத்தில் ஏறி ஒடிந்து, இரண்டு நாள் கழித்து மெதுவாக உள்ளங்காலுக்கு வரும். இறங்கி நடந்த ஒவ்வொரு முறையும் அடிப்பாகத்தைப் பின்னால் மடக்கி வெளிச்சத்தில் பாருங்கள். ஆடு மேய்க்கிறவர்கள் போட்டிருக்கும் டயர் செருப்பில் இந்தப் பாடே இல்லை. நைலான் நூலோடு சேர்ந்த லாரி டயர், முள் ஏறாது. காற்றும் அடிக்க வேண்டாம், பாலும் ஊற்ற வேண்டாம்.

சேக்காளிக்குப் பதில்: போடாதே. இத்தனை புகழ்ந்த பிறகும் அதுதான். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு மட்டும் ஓட்டுகிற சைக்கிள் உன்னுடையது. நின்ற இடத்திலேயே பால் காய்ந்து, போகும் நாளில் கழுத்தறுக்கும். தடித்த டியூப் வாங்கு, எடை சாதாரண டியூபைப்போல் இரண்டு மடங்கு இருக்கும், பரவாயில்லை. பைக் வால்வு வைத்த டியூபாகப் பார்த்தால் உள்தண்டைக் கழற்றி, ரப்பர் பாலுக்குப் பதில் கிளைகால் (glycol) என்ற திரவத்தில் செய்த சீலன்ட் ஊற்றலாம். அது லேட்டக்ஸ் மாதிரி சீக்கிரம் காயாது. மணலில் இறங்கித் தள்ளு, உடம்புக்கு நல்லது.

என் பின்டயர் நாளைக்கே மறுபடி டியூப்லெஸ்ஸாக ஏறும், பால் வாங்கி வைத்தாச்சு. இது ஆனிக் காற்றில், கை இன்னும் பிசுபிசுத்துக்கொண்டிருக்கும்போது எழுதியது. ஐப்பசியில் மழை விழுந்து, கன்னடியன் கரை குளிர்ந்த பிறகு இதே கேள்வியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ. அப்போதும் ஈர்க்குச்சி கையில் இருக்கட்டும்.