டார்ஷன் பார்: டார்ட்டோட போல்ட்டா, பீட்டிலோட பல்லா?

பழைய கார்ல டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதிலா முறுகி வண்டியத் தாங்குற கம்பி) மாத்தி ரைடு ஹைட், அதாவது வண்டி தரைல இருந்து நிக்கற உயரம், செட் பண்றதுன்னா எல்லா வண்டிக்கும் ஒரே வேலைதான்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. ஆனா டாட்ஜ் டார்ட், பிளிமத் வேலியன்ட் மாதிரி கிரைஸ்லர் வண்டிங்களோட முன்பக்கத்தையும் வோக்ஸ்வேகன் பீட்டிலோட பின்பக்கத்தையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா, ரெண்டுலயும் முறுக்கிக்கிட்டு வண்டியத் தாங்குறது ஒரு இரும்புக் கம்பிங்கறதத் தவிர வேற ஸ்நானப்ராப்தியே கிடையாது. (நம்ம அம்பாசடர்லயும் முன்னாடி டார்ஷன் பார்தான், மோரிஸ் ஆக்ஸ்போர்டு கிட்ட இருந்து வந்த சொத்து அது, அதப்பத்தி தனியா பேசணும்.)

முதல்ல டார்ட். கிரைஸ்லர் இந்த செட்டப்புல பண்ண புத்திசாலித்தனம் என்னன்னா, பாரோட ரெண்டு முனையும் அறுகோணம், முன்முனை லோயர் ஆர்ம்ல (வீலத் தாங்குற கீழ்க்கை) உக்காரும், பின்முனை கிராஸ்மெம்பர்ல (வண்டிக்குக் குறுக்க போற சட்டம்) உக்காரும், ஹைட்ட மாத்த லோயர் ஆர்ம்ல ஒரே ஒரு போல்ட். டைட் பண்ணா வண்டி தூக்கும், லூஸ் பண்ணா இறங்கும், அவ்ளோதான். மாட்டுறதும் பெரிய வித்தை இல்ல. வண்டியத் தூக்கி ஸ்டாண்ட்ல வெச்சு, வீல் நல்லா கீழ தொங்கணும், வீல் ரொம்ப கீழ இறங்காம தடுக்கற, மேல இருக்க ரீபவுண்ட் ரப்பரயும் கழட்டிடணும், போல்ட்ட முழுசா லூஸ் பண்ணிட்டு, பின்னாடி லாக் ரிங்க எடுத்துட்டு பார பின்பக்கமா உருவணும். துருப்பிடிச்சிருந்தா வெறும் கையால வராது, அப்பதான் நம்மாளுங்க வைஸ் கிரிப்ப போட்டு கவ்வி சுத்தியால தட்டுவாங்க. தயவுசெஞ்சு அது மட்டும் வேணாம். பார் மேல விழுற சின்ன கீறல்ல இருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும், அதுக்குன்னே கவ்வுற கிளாம்ப் இருக்கு, வாடகைக்காவது வாங்கிக்கோங்க.

அளக்கறதும் இதுல அழகா இருக்கும். ஃபெண்டர் விளிம்புல இருந்து டேப் பிடிக்கக்கூடாது, ஏன்னா பாடி எப்பவோ இடிச்சு நேராக்கினதா இருக்கலாம். தரையிலிருந்து லோயர் ஆர்ம்ல இருக்க அட்ஜஸ்டிங் பிளேடோட (ஹைட் போல்ட் தள்ளுற தகடு) அடி வரைக்கும் ஒண்ணு, வீல் பக்கம் இருக்க பால் ஜாயின்டோட அடி வரைக்கும் ஒண்ணு, இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்க வித்தியாசம்தான் மேனுவல் கேக்கற அளவு. அதனால டயர் பெருசா சின்னதாங்கற பிரச்சனையே இல்ல. பம்பர நாலஞ்சு தடவ அமுக்கி விட்டுட்டு அளங்க, லெஃப்ட்டுக்கும் ரைட்டுக்கும் அரைக்கால் (1/8) இஞ்சுக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது. லோயர் ஆர்ம் ஆடுற அச்சோட நட்ட (பிவட் நட்) வண்டி தொங்கிட்டு இருக்கறப்பவே ஃபுல் டைட் வெச்சா ரப்பர் புஷ் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழியும், ஹைட்டும் பொய் சொல்லும். வீல் தரைல நின்னு ஹைட் வந்த அப்புறம்தான் கடைசி டைட்.

இப்ப பீட்டில். இங்க போல்ட் கிடையாது, பல்லுதான். பாரோட உள்முனைல 40 ஸ்ப்லைன் (பல்லு), வெளிமுனைல 44. ஏன் இந்தக் குழப்பம்னு தோணும், கணக்குப் போட்டா சொக்கிப் போயிடுவீங்க. உள்ள ஒரு பல்லு நகர்ந்தா 9 டிகிரி, வெளிய ஒரு பல்லு நகர்ந்தா 8.18 டிகிரி, உள்ள ஒண்ண ஒரு பக்கமும் வெளிய ஒண்ண எதிர்ப்பக்கமும் நகத்தினா மிச்சம் வர்றது 0.82 டிகிரிதான், வீல்கிட்ட அது கிட்டத்தட்ட கால் இஞ்சு. ஒரே பக்கப் பல்ல மட்டும் நகத்தினா ரெண்டு இஞ்சுக்கு மேல போயிடும். திருகே இல்லாம வெறும் பல்லு எண்ணிக்கைய வெச்சே ஃபைன் அட்ஜஸ்ட்மென்ட் கொடுத்துட்டாங்க!

ஆனா வேலை செய்றவன் பாடு வேற. பாரோட வெளிமுனையையும் வீலையும் இணைக்கற ஸ்ப்ரிங் பிளேட், அடில இருக்க ஸ்டாப் மேல முறுக்கோட உக்காந்திருக்கும், அதக் கழட்டும்போது விடுபட்டுச்சுன்னா காலோ கையோ போயிடும். ஜாக்கி, செயின் போட்டுப் பிடிச்சுக்கிட்டுதான் மெதுவா இறக்கணும், தனி ஆளா செய்யவே செய்யாதீங்க. கழட்டறதுக்கு முன்னாடி பிளேட் இருந்த கோணத்துக்கு ஹவுசிங் மேல ஒரு கீறு போட்டுடுங்க, ஏன்னா பிளேட்ட இழுக்கறப்ப பாரும் கூடவே வெளிய வந்துட்டா உள்பல்லு எங்க இருந்துச்சுன்னே தெரியாது. கோணத்த ஸ்பிரிட் லெவல் வெச்ச புரோட்ராக்டர்ல அளக்கணும், வண்டி ஒரு பக்கம் சரிஞ்சு நின்னா கதவுப்படியோட கோணத்தயும் அளந்து கழிச்சுக்கணும். ரப்பர் புஷ்ஷுக்கு டால்கம் பவுடர் தடவி ஏத்துங்க, கிரீஸ் வேணாம், ரப்பர் ஊதிடும். ஸ்விங் ஆக்சில் வண்டின்னா (ஆக்சிலே வீலோட சேர்ந்து மேல கீழ ஆடுற வகை) ஹைட் மாறினா பின்வீல் கேம்பரும், அதாவது வீல் சாய்ற கோணமும், சேர்ந்து மாறும், தூக்கி வெச்சா திருப்பத்துல வீல் உள்ள மடங்குற பயம் உண்டு.

வசதின்னு பாத்தா டார்ட்டுக்குதான் என் ஓட்டு, சந்தேகமே இல்ல. ஆனா அந்த வசதியே ஆள ஏமாத்தும். போல்ட்ட முறுக்கினா சஸ்பென்ஷன் கெட்டியாகும்னு நினைக்கறவங்க ஏராளம். ஆகாது, ஹைட் மட்டும்தான் மாறும். கெட்டித்தனம் வேணும்னா பார் தடிமன்தான் வழி, அது விட்டத்தோட நாலாம் அடுக்குல ஏறும். சிக்ஸ் சிலிண்டர் டார்ட்டோட 0.83 இஞ்சு பாருக்குப் பதிலா வி8க்கு வந்த 0.87 போட்டா சுமார் 20 சதவீதம் கெட்டி. கடைல கிடைக்கற 1.03 போட்டா, அந்த 0.87ஓட ஒப்பிட்டாலே கிட்டத்தட்ட டபுள். ரேஸ் ட்ராக்குக்குப் போறவங்களுக்கு சரி, வெறும் ஞாயித்துக்கிழமை ரவுண்டுக்கு எதுக்கு? பழைய ஷாக் அப்சார்பர் அதத் தாங்காது. தடிமனான பார் கம்மியா முறுகியே வண்டியத் தூக்கிடறதால போல்ட்ட முழுசா லூஸ் பண்ணாலும் வண்டி ஓவரா தூக்கி நிக்கலாம், அதுக்குத்தான் சில பார்ல அறுகோண முனைங்கள கொஞ்சம் திருப்பி வெச்சு செய்றாங்க, வாங்குறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. தெருவுல ஓட்டுறதுன்னா 0.87 போதும்னுதான் நான் சொல்வேன். பீட்டில்ல ஒரிஜினல் பார் நல்லா இருந்தா அதயே சரியான பல்லுல உக்கார வெச்சா போதும்.

எந்த வண்டியா இருந்தாலும் லெஃப்ட் பார் லெஃப்ட்லயேதான் போகணும், ஃபேக்டரிலயே ஒரு திசைக்கு முறுக்கிப் பழக்கி அனுப்புறாங்க, மாத்தினா உடையும். முனைல மார்க் இருக்கும், துரு இருந்தா தேய்ச்சுப் பாத்துடுங்க. புது பார் போட்டா கொஞ்ச தூரம் ஓட்டின அப்புறம் அசந்து இறங்கும், திரும்ப அளந்து சரி பண்ணிட்டு அதுக்கப்புறம் வீல் அலைன்மென்டுக்குப் போங்க.