பல் ஆய்வகத் தொழில்: டிப்ளமோவா, பட்டறையா?

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கேட்பது இதுதான்: டென்டல் மெக்கானிக் (செயற்கைப் பல் செய்து தருபவர்) டிப்ளமோ படிப்பதா, நேராக ஒரு பல் ஆய்வகத்தில், அதாவது லேபில், வேலைக்குச் சேர்ந்துவிடுவதா?

காலம்: டிப்ளமோ 2 ஆண்டு. லேபில் கணக்கே கிடையாது. முதல் சில மாதங்கள் பிளாஸ்டர் கலக்குவதிலேயே கழியலாம்.

செலவு: அங்கே கட்டணம், இங்கே சிறிதாவது சம்பளம்.

கைப்பழக்கம்: இதில் லேப்தான் ஒரு படி மேல். கடைவாய்ப்பல்லின் மேடு பள்ளங்களை மெழுகில் செதுக்க, நூறு பல்லையாவது கெடுத்துப் பழக வேண்டும். ஆனால் காரணத்தை வகுப்புதான் சொல்லித்தரும். செயற்கைப் பல் செய்யும் பீங்கான் வகையான சிர்கோனியாவைச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் சுட்டால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும்; அதனால்தான் முதலில் பெரிதாகக் கடைகிறார்கள். இது தெரியாதவர் இயந்திரத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்.

பதிவு: இந்தியாவில் 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர்கள் சட்டமே டென்டல் மெக்கானிக்குகளுக்குத் தனிப் பதிவேட்டை ஏற்படுத்தியது. அனுபவம் மட்டும் அதற்குப் போதாது.

அரசு மருத்துவமனை வேலை மனத்தில் இருந்தால் டிப்ளமோதான். வீட்டுக்கு உடனே பணம் வேண்டுமென்றால் லேப். ஆனால் மெழுகு மேசையில் எப்போது உட்கார வைப்பீர்கள் என்று சேரும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.