முடிவு தெரிந்த பிறகும் பார்க்க முடிகிற படங்கள்

திரைப்படங்களை ஆராய்ந்து எழுதுபவன் அல்லன் நான். வேலை முடிந்த இரவுகளில் பொழுதுபோக்குக்காகப் பார்ப்பவன். ஆனால், பார்த்த படங்களையே சில ஆண்டுகள் இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது நெடுநாள் வழக்கம் என்பதால், கதையின் முடிவு தெரிந்த பிறகு ஒரு படத்தில் என்ன எஞ்சுகிறது என்பதே எனக்கு முதன்மையான அளவுகோலாகிவிட்டது.

அந்த அளவுகோலில் முதலிடம் சிட்னி லூமெட் இயக்கிய '12 ஆங்ரி மென்' (1957) படத்துக்குத்தான். ஒரு கொலை வழக்கில் தீர்ப்பு சொல்லக் கூடும் பன்னிரண்டு பேர் கொண்ட நடுவர் குழுவின் விவாதமாக, ஏறக்குறைய முழுவதும் ஒரே அறைக்குள் நிகழும் இப்படத்தில், முதல்முறை வாதங்களைப் பின்தொடர்ந்த கவனம், அடுத்தடுத்த முறைகளில் அறையின் பக்கம் திரும்புகிறது. தொடக்கத்தில் கண்மட்டத்துக்கு மேலிருந்து பார்க்கும் கேமரா, நடுப்பகுதியில் கண்மட்டத்துக்கு இறங்கி, இறுதிப் பகுதியில் அதற்கும் கீழே சென்று கூரை தெரியும்படி அண்ணாந்து பார்க்கிறது. கூடவே குவியத்தூரம் கூடிய, அதாவது பின்னணியை நெருக்கிக் காட்டும், லென்ஸ்களுக்குப் படிப்படியாக மாறுவதால், சுவர்கள் மனிதர்களை நெருக்கி வருவதுபோலத் தோன்றுகின்றன. தீர்ப்பு தெரிந்தும் மூச்சு முட்டுவதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

பாடலோ நடனமோ சண்டையோ இல்லாமல் எஸ். பாலச்சந்தர் எடுத்த 'அந்த நாள்' (1954) படத்தை அடிக்கடி ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) படத்தோடு ஒப்பிடுகிறார்கள்; இரண்டிலும் ஒரு கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். குரோசாவாவின் படம் உண்மையை இறுதிவரை உறுதிப்படுத்தாமல் விடுகிறது. தமிழ்ப் படமோ சுட்டது யார் என்பதைச் சொல்லிவிடுகிறது. (இங்கே நான் சொல்லப்போவதில்லை.) அப்படியானால் இரண்டாம் முறை சப்பென்று இருக்க வேண்டுமே? இருப்பதில்லை. தொடக்கத்திலேயே கொல்லப்படும் நாயகன், ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் வேறு வேறு மனிதனாக வருவதைச் சிவாஜி கணேசன் நடித்துக் காட்டும் விதத்தை, கொலையாளியைத் தேடும் பரபரப்பு அடங்கிய பிறகுதான் நிதானமாக ரசிக்க முடிகிறது.

'தி சிக்ஸ்த் சென்ஸ்' (1999) எனக்கு இரண்டு முறைக்கான படம்: முதல்முறை வியப்புக்கு, மறுமுறை அந்த வியப்பு நேர்மையாகக் கட்டப்பட்டதா என்று சரிபார்க்க. சரியாகவே கட்டியிருக்கிறார்கள்; ஆயினும் மூன்றாம் முறைக்கு ஈர்ப்பு எஞ்சவில்லை.

'ஜாஸ்' (1975) படப்பிடிப்பில் இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதானதால், இயக்குநர் ஸ்பீல்பெர்க் அதை மறைத்து வைத்து இசையாலும் மிதக்கும் பீப்பாய்களாலும் உணர்த்த வேண்டியதாயிற்று. சுறா வெளிப்படையாகத் தெரியும் காட்சிகள் இன்று எனக்குப் பொம்மையாகவே படுகின்றன; அது தெரியாத காட்சிகளில் பயம் சற்றும் குறையவில்லை.

முடிவு எல்லோருக்கும் முன்பே தெரிந்த கதை 'டைட்டானிக்' (1997). காதல் வசனங்கள் ஒவ்வொரு முறையும் எனக்கு இன்னும் கொஞ்சம் செயற்கையாக ஒலிக்கின்றன என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால், கப்பல் எப்படி நிரம்பி, எப்படிப் பிளந்து மூழ்கியது என்பதைக் கணினி அசைவுப்படமாக ஜேம்ஸ் கேமரூன் தொடக்கத்திலேயே விளக்கிவிடுவது மிகக் கூர்மையான உத்தி. அடுத்து எந்தப் பக்கம் உயரும், எங்கே உடையும் என்று அறிந்திருப்பதால், மேல்தளத்தில் ஓடுபவர்களைவிட நமக்கே பதற்றம் முந்திக்கொள்கிறது. அந்தப் பகுதிக்காகவே மூன்று மணி நேரத்துக்கும் மேலான இப்படத்தை மறுபடியும் பார்க்கத் தயங்க மாட்டேன். முதல் பாதியில் மட்டும் ரிமோட் கையிலேயே இருக்கும்.