இத்தாலிப் பயணத்தில் ஒரு கால்பந்து ஆட்டம்: மிலானா, ரோமா, வெனிஸா, பலேர்மோவா?

இத்தாலிக்குப் பத்து நாள் சுற்றுலா செல்பவர் ஒரு மாலையைக் கால்பந்துக்கு ஒதுக்க முடிவு செய்துவிட்டால், எந்த அரங்கத்துக்குப் போவது என்பதைப் பெரும்பாலும் கழகத்தின் புகழை வைத்தே தீர்மானிக்கிறார். தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய பெயர்கள் என்பதால் அது இயல்புதான். ஆனால் அங்கே இரண்டு மணி நேரம் உட்காரப்போகிறவருக்குக் கழகத்தின் கோப்பைக் கணக்கைவிட வேறு மூன்று கேள்விகள் முக்கியமானவை: நாம் அந்த ஊரில் இருக்கும் நாளில் ஆட்டம் உண்டா, நம் பெயரில் சீட்டுக் கிடைக்குமா, உட்காரும் இடத்திலிருந்து என்ன தெரியும்?

முதல் கேள்விதான் பலரைக் கவிழ்க்கிறது. இத்தாலியின் முதல்நிலைப் போட்டியான சீரி ஆ ஆகஸ்ட் பிற்பகுதியில் தொடங்கி மே மாத இறுதிவரை நடக்கும். 20 அணிகள், 38 சுற்றுகள். நம்மூர்ப் பள்ளிகளின் கோடை விடுமுறையில் ஏப்ரல், மே மாதங்களில் செல்பவர்களுக்கு ஆட்டம் கிடைக்கும். ஜூன், ஜூலையில் செல்பவர்கள் வெற்று அரங்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அட்டவணை முன்கூட்டியே வெளியானாலும், ஒரு சுற்றின் ஆட்டங்கள் வெள்ளி முதல் திங்கள் வரை தொலைக்காட்சிக்காகப் பிரித்துப் போடப்படுவதால், சரியான நாளும் நேரமும் சில வாரங்களுக்கு முன்புதான் உறுதியாகும். ஞாயிற்றுக்கிழமை என்று நம்பி ரயில் சீட்டை முன்பதிவு செய்தவர், ஆட்டம் சனிக்கிழமைக்கு மாறியதைப் பிறகு அறிந்து நொந்துகொள்வதில் பயனில்லை.

இந்த ஒரு காரணத்தால் மிலானும் ரோமும் மற்ற ஊர்களைவிட முன்னிலை பெறுகின்றன. மிலானின் சான் சீரோ அரங்கத்தை ஏ.சி. மிலானும் இன்டரும் பகிர்ந்துகொள்கின்றன. ரோமின் ஒலிம்பிகோ அரங்கத்தை ரோமாவும் லாட்சியோவும் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு கழகம் வெளியூர் போகும் வாரத்தில் மற்றது உள்ளூரில் ஆடுவதே வழக்கம் என்பதால், போட்டிக்காலத்தில் எந்த வார இறுதியில் போய் இறங்கினாலும் இவ்விரு நகரங்களிலும் ஏதாவது ஓர் ஆட்டம் கிடைப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். நேப்பிள்ஸிலோ வெனிஸிலோ பலேர்மோவிலோ அந்த வசதி இல்லை. அங்கே ஆட்ட நாளைப் பார்த்துத்தான் பயணத் திட்டத்தை வளைக்க வேண்டும்.

சீட்டைப் பொறுத்தவரை எல்லா ஊர்களுக்கும் ஒரே விதிதான். இத்தாலியில் கால்பந்துச் சீட்டு, வாங்குபவரின் பெயரில் அச்சாகும். வாயிலில் அந்தப் பெயரைக் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எனவே நான்கு பேருக்கும் குடும்பத் தலைவர் பெயரிலேயே வாங்கிவிடலாம் என்று எண்ணக் கூடாது. இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, தந்தை பெயர் குடும்பப் பெயராகுமா என்ற நம்முடைய தீராத சிக்கல் இங்கேயும் வந்து நிற்கும். கடவுச்சீட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே நிரப்புவதுதான் ஒரே வழி. கழகத்தின் சொந்தத் தளத்தில் வாங்குவது பாதுகாப்பானது. பெரிய ஆட்டங்களுக்கு உறுப்பினர்களுக்கே முதலில் விற்பனை திறக்கும் என்பதால், ஒரே ஊரின் இரு கழகங்கள் மோதும் மிலான் டெர்பியையோ ரோம் டெர்பியையோ குறிவைக்காமல், புள்ளிப் பட்டியலின் கீழ்ப்பகுதியில் உள்ள அணி விருந்தினராக வரும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பவருக்கே சீட்டு எளிதில் அமையும்.

இனி அரங்கங்களுக்கு வருவோம். சான் சீரோ 1926-இல் திறக்கப்பட்டது. மிலான் கழகத்தின் தலைவராக இருந்த பியரோ பிரெல்லி கட்டிய அந்த அரங்கின் முதல் ஆட்டத்தில் இன்டர் 6-3 என்று மிலானை அதன் சொந்த வீட்டிலேயே வீழ்த்தியது. பிறகு 1947 முதல் இன்டரும் அங்கேயே குடியேறியது. 1990 உலகக் கோப்பைக்காக எழுப்பிய 11 கோபுரங்களும் சிவப்பு இரும்பு உத்தரங்களும் சேர்ந்து அதைத் தொலைவிலிருந்தே அடையாளம் காட்டுகின்றன. சுமார் 75,000 பேர் அமரும் அரங்கமாக இருந்தும், களத்துக்கும் பார்வையாளருக்கும் இடையில் ஓடுதடம் இல்லை. மாடங்கள் செங்குத்தாக எழுவதால் மூன்றாம் அடுக்கின் மலிவான இருக்கையில்கூட அணிகளின் வியூகம் முழுவதும் சதுரங்கப் பலகைபோல் விரியும். போய்ச்சேர்வதும் எளிது: ஐந்தாம் மெட்ரோ வழித்தடம் அரங்கின் வாசலுக்கே செல்கிறது. திரும்பும்போது மட்டும் அந்த நிலையத்தில் நெரிசலில் நிற்பதைவிட, லோத்தோ நிலையம்வரை நடந்து முதல் வழித்தடத்தில் ஏறுவது புத்திசாலித்தனம்.

சான் சீரோவுக்குச் சாதகமாக இன்னொரு வலுவான காரணமும் இருக்கிறது. மிலான் நகரமன்றம் 2025 செப்டம்பரில் அரங்கத்தை இரு கழகங்களுக்கும் விற்க ஒப்புதல் அளித்தது. அருகிலேயே புதிய அரங்கம் கட்டிவிட்டுப் பழையதன் பெரும்பகுதியை இடிப்பதே திட்டம். மற்ற ஊர்களை அடுத்த பயணத்துக்குத் தள்ளிவைக்கலாம். சான் சீரோவைத் தள்ளிவைப்பவர் அதைப் பார்க்காமலே போகக்கூடும்.

ரோமின் ஒலிம்பிகோ இந்த ஒப்பீட்டில் என் கணக்கில் பின்தங்குகிறது. 1960 ஒலிம்பிக்கையும் 1990 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தையும் கண்ட அரங்கம் என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் களத்தைச் சுற்றி ஓடும் தடகளப் பாதை பார்வையாளரைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. கோல் கம்பத்துக்குப் பின்னாலுள்ள வளைவு மாடங்களிலிருந்து பார்த்தால் எதிர்ப்பக்கத்தில் கோல் விழுந்ததைக் கூட்டத்தின் இரைச்சலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கும். மெட்ரோவும் அருகில் இல்லை. பியாட்சாலே ஃபிளாமினியோவிலிருந்து இரண்டாம் எண் டிராமில் பியாட்சா மான்சினிவரை சென்று, தைபர் ஆற்றுப் பாலத்தைக் கடந்து நடக்க வேண்டும். எனினும் அந்த நடை வீணாகாது. முசோலினி காலத்தில் எழுந்த ஃபோரோ இத்தாலிக்கோ வளாகத்துக்குள் நுழையும்போது, அவர் பெயர் பொறித்த தூண் இன்றும் அப்படியே நிற்பதைக் காணலாம். ஆட்டம் தொடங்குமுன் ரோமா ரசிகர்கள் கழுத்துத் துணிகளை உயர்த்திப் பிடித்துப் பாடுவது மயிர்க்கூச்செறியச் செய்யும். பாட்டுக்காகப் போகிறவருக்கு ரோம் சரி. பந்துக்காகப் போகிறவருக்கு மிலான்.

நேப்பிள்ஸைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அவ்வூர் அணிக்காக ஆடிய அர்ஜென்டின வீரர் மரடோனா இறந்த சில நாட்களிலேயே, 2020 டிசம்பரில், சான் பாவ்லோ அரங்கம் அவர் பெயருக்கு மாறியது. அணி 2023-இலும் 2025-இலும் பட்டம் வென்றபின் சீட்டுக்கான போட்டி கூடியிருக்கிறது. இங்கும் ஓடுதடம் உண்டு. சீட்டுக் கிடைக்காவிட்டால் வருந்த வேண்டியதில்லை: குவார்த்தியேரி ஸ்பாஞோலி சந்துகளில் மரடோனாவின் சுவரோவியத்துக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றாலே, அந்த ஊருக்குக் கால்பந்து என்னவாக இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

வெனிஸ்தான் இந்தப் பட்டியலில் எதிர்பாராத போட்டியாளர். அந்நகருக்குச் செல்லும் பெரும்பாலோர் அங்கே ஒரு கால்பந்து அரங்கம் இருப்பதையே அறியார். 1913-இல் திறக்கப்பட்ட பியர் லூயிஜி பென்சோ அரங்கம், நகரின் கிழக்கு ஓரத்தில் சாந்த் எலேனா தீவில், ஒரு பழைய தேவாலயத்தின் மணிக்கூண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வாப்பொரெத்தோ எனப்படும் படகுப் பேருந்திலோ, சான் மார்க்கோ சதுக்கத்திலிருந்து கடலோரமாக நடந்தோ போய்விடலாம். விருந்தினர் அணியின் ரசிகர்களும் படகில்தான் வந்து இறங்குகிறார்கள். நான் நடந்து செல்வதையே பரிந்துரைப்பேன். ஏனெனில் ஜார்தீனி பூங்காவைத் தாண்டியதும் சுற்றுலாக் கூட்டம் சட்டென்று அற்றுப்போய், கொடியில் துணி காயும் குடியிருப்புகளும் மர நிழலில் அரட்டையடிக்கும் முதியவர்களுமாக வேறொரு வெனிஸ் தொடங்குகிறது. நிரந்தரக் குடியிருப்பாளர்கள் 50,000-க்கும் கீழே குறைந்துவிட்ட பழைய நகரில், அந்த மிச்சமிருக்கும் மக்கள் ஓரிடத்தில் கூடுவதைப் பார்க்க இந்த அரங்கத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

வசதிகளை எதிர்பார்த்து யாரும் பென்சோவுக்குப் போகக் கூடாது. 1970-இல் வீசிய சுழற்காற்றில் சேதமடைந்த வரலாறு அதற்கு உண்டு. சுமார் 11,000 பேர் அமரும் மாடங்களில் பல, திருவிழாப் பந்தலுக்குச் சாரம் கட்டியதுபோல இரும்புக் குழாய்களால் ஆனவை. மழை வந்தால் பெரும்பாலோர் நனைய வேண்டியதுதான். அணி 2025-இல் சீரி ஆ-விலிருந்து கீழிறங்கிய ஒன்று. எனவே உலக நட்சத்திரங்களைப் பார்க்க விரும்புபவருக்கு இது ஏற்றதன்று. ஆனால் களம் மிக அருகில் இருக்கிறது, பயிற்சியாளரின் கத்தல்கூடக் காதில் விழும், குழந்தைகளோடு செல்வோருக்குப் பெரிய அரங்கங்களின் நெரிசல் இல்லை. நிலப்பகுதியில் விமான நிலையத்துக்கு அருகே தெஸ்ஸேராவில் புதிய அரங்கம் எழுந்துவருவதால், சான் சீரோவைப் போலவே இதற்கும் காலம் குறைவு.

சிசிலிவரை செல்பவருக்குப் பலேர்மோ உண்டு. மோன்தே பெல்லெக்ரீனோ மலையடிவாரத்தில் அமைந்த ரென்சோ பார்பேரா அரங்கில் ஆடும் கழகம் அது; 1907 முதல் இளஞ்சிவப்பும் கறுப்புமே அதன் நிறங்கள். 2019-இல் கடனில் மூழ்கி நான்காம் நிலைக்குத் தள்ளப்பட்டு, 2022-இல் இரண்டாம் நிலைக்குத் திரும்பியது. நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: பலேர்மோவில் ஈழத் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள், அதே மலைமீதுள்ள சாந்தா ரொசாலியா என்னும் புனிதையின் குகைக் கோயிலுக்குச் சைவர், கிறிஸ்தவர் என்ற வேறுபாடின்றி ஏறிச்சென்று வழிபடுகிறார்கள். காலையில் மலைக்கும் மாலையில் அரங்கத்துக்குமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையை அங்கே முழுமையாகச் செலவிடலாம்.

எந்த அரங்கமானாலும் இருக்கை குறித்து ஓர் எச்சரிக்கை. குர்வா எனப்படும் வளைவு மாடங்கள் அல்ட்ராஸ் எனப்படும் தீவிர ரசிகர்களுக்கு உரியவை. அங்கே இருக்கை எண்ணை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆட்டம் முழுவதும் நின்றே பார்க்க வேண்டும், கைப்பேசியில் அவர்களைப் படம் பிடிப்பதை விரும்புவதில்லை. விலை குறைவு என்று அங்கே சீட்டு வாங்காமல், பக்கவாட்டு மாடமான ட்ரிபூனாவுக்குக் கூடுதலாகச் செலவிடுவது நல்லது.

ஒரே ஒரு ஆட்டம்தான் பார்க்க முடியும் என்பவரை நான் சான் சீரோவுக்கு அனுப்புவேன். முன்பே ஒரு பெரிய அரங்கத்தைப் பார்த்தவரையும், பிள்ளைகளோடு செல்பவரையும், நாட்களை வளைக்கும் வசதி இருந்தால் சாந்த் எலேனாவுக்கு அனுப்புவேன். அங்கே ஆட்டம் முடிந்ததும் படகுத்துறைக்கு உடனே ஓட வேண்டாம். வரிசை கலையும்வரை பூங்கா பெஞ்சில் அமர்ந்திருந்தால், தோற்றதற்கு யார் காரணம் என்று உள்ளூர்ப் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வீடு திரும்புவதையும் கேட்கலாம்.