கிளிநொச்சியில் ஆறு ஆண்டுகள் ஓடிய ஹொண்டா சி.ஆர்.இசட்: வாங்குமுன் நான் பார்க்காமல் விட்டது

2011 இல் தயாரிக்கப்பட்டு, மறு ஆண்டு ஜப்பானிலிருந்து இலங்கைக்கு வந்த ஹொண்டா சி.ஆர்.இசட் கார் ஒன்றை 2018 இல் வவுனியாவில் வாங்கினேன். ஒன்றரை லீற்றர் எஞ்சினும் சிறிய மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட், இரண்டு கதவு, தானியங்கிக் கியர். அசல் ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் இதை அந்த வகையில் சேர்க்கத் தயங்குவார்கள் என்பது தெரியும். ஆனால் 70 கிலோமீற்றர் வேக எல்லையும், இரவில் மாடுகள் படுத்துக் கிடக்கும் பழக்கமும் உள்ள ஏ9 வீதியில் இதைவிட வேகமான காரை வைத்து நான் என்ன செய்வது?

வாங்குமுன் மூன்று வாரங்கள் விசாரித்தேன். ஹைப்ரிட் பற்றரியை ஸ்கான் செய்வித்தேன், பதிவுப் புத்தகத்திலுள்ள சேசி இலக்கத்தை உடலில் பொறிக்கப்பட்ட இலக்கத்தோடு ஒப்பிட்டேன், லீசிங் கட்டி முடிந்ததா என்று பார்த்தேன், ஜப்பானில் கார் ஏலம் போனபோது அதைப் பரிசோதித்து எழுதிய ஏலத்தாளையும் கேட்டு வாங்கினேன். தரம் 4.5, விபத்துக்குள்ளாகித் திருத்தப்பட்ட வாகனங்களுக்கு இடும் 'ஆர்' குறி இல்லை. தயாரிப்பாளரின் மீளழைப்பு (விற்ற கார்களில் குறை கண்டு, திருத்தித் தரத் திரும்ப அழைப்பது) ஏதும் இருக்கிறதா என்று கேட்டபோது, விற்றவர் "அதெல்லாம் ஜப்பானிலேயே செய்துதான் அண்ணை வந்தது" என்றார். நானும் தலையாட்டினேன்.

அந்தப் பதிலில் இருந்த ஓட்டை எனக்குப் புலப்பட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன. தகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த எயார்பாக்குகளுக்காக, இந்த மொடலையும் உள்ளடக்கி வந்த மீளழைப்புகள், என் கார் ஜப்பானை விட்டு வெளியேறிப் பல ஆண்டுகள் கழித்தே அறிவிக்கப்பட்டன. இன்னும் அறிவிக்கப்படாத ஒரு குறையை அங்கே யார், எப்படித் திருத்தியிருக்க முடியும்? மீளழைப்புக் கடிதம் அந்நாட்டுப் பதிவிலுள்ள உரிமையாளரின் முகவரிக்குத்தான் போகும். ஏற்றுமதிக்காகப் பதிவு நீக்கப்பட்ட காருக்கு அங்கே முகவரி இல்லை. வன்னியில் ஓடும் ஜப்பானிய இறக்குமதிக் கார்களில் பெரும்பாலானவற்றின் நிலை இதுதான் என்பதால், ஏலத்தாள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த விடயத்தில் அது எதையும் சொல்லாது.

தகாட்டா குறையின் தன்மையை அறிந்தபோது என் கவலை கூடியது. அந்நிறுவனத்தின் எயார்பாக்கை ஊதவைக்கும் உலோகக் குடுவையில் அமோனியம் நைத்திரேற்று வெடிபொருள் இருந்தது. ஈரப்பதத்தை உறிஞ்சும் உலர்த்தி சேர்க்கப்படாத குடுவைகளில், பல ஆண்டுகள் ஈரமும் வெப்பமும் மாறி மாறித் தாக்கும்போது அந்த வெடிபொருள் சிதைகிறது. பின்னர் விபத்தொன்றில் அது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, குடுவையே வெடித்து உலோகத் துண்டுகளாகப் பயணியின் மேல் பாய்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பிரதேசங்களிலேயே ஆபத்து கூடுதல். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள்ளும் கார்த்திகை மழையில் ஓதம் ஏறிய முற்றத்திலும் நிற்கும் காருக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. இன்னொன்று: இந்தக் குறை டாஷ்போர்டில் எந்த விளக்கையும் எரியவைக்காது. ஸ்கான் கருவியும் எயார்பாக் நலம் என்றே காட்டும்.

சோதிப்பது கடினமல்ல, எங்கே சோதிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அமெரிக்க அரசின் தளம் 17 இலக்க அடையாள எண்ணைக் கேட்கும். ஜப்பானிய உள்நாட்டுக் கார்களுக்கு அப்படி ஒன்று இல்லை, இசட்.எப்.1 என்று தொடங்கி, ஒரு கோடும் அதன்பின் ஏழு இலக்கங்களும் வரும் சேசி எண்தான் உண்டு. அதை ஹொண்டாவின் ஜப்பானியத் தளத்திலுள்ள மீளழைப்புத் தேடல் பக்கத்தில் இட வேண்டும். கைபேசியின் மொழிபெயர்ப்புக் கருவி அந்தப் பக்கத்துக்குப் போதும். மீளழைப்பு, மேம்பாட்டு நடவடிக்கை, சேவைத் திட்டம் என்று ஜப்பானியர் மூன்றாக வகுத்திருப்பதையும் கவனியுங்கள். முதலாவது சட்டப்படியான பாதுகாப்புக் குறை, மற்றவை அதற்கு அடுத்தபடியானவை. மொடலின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் கூடாது. எஞ்சின் நின்றுபோனால் மின் மோட்டார் எதிர்த்திசையில் சுழலக்கூடும் என்று தொடக்ககால சி.ஆர்.இசட் கார்கள் சில அழைக்கப்பட்டன. ஆனால் அது கையால் கியர் மாற்றும் கார்களுக்கு மட்டுமே உரியது. என் காரின் சேசி எண்ணை இட்டபோது, முன் பயணியின் பக்கத்து எயார்பாக் 'செய்யப்படவில்லை' என்று வந்தது.

கொழும்பில் அதை மாற்றத் திகதி கிடைக்கும்வரை முன் இருக்கையில் எவரையும் ஏற்றுவதில்லை என்று தீர்மானித்தேன். இந்தக் காரின் பின் இருக்கை பெயருக்குத்தான் இருக்கை. என் மனைவி முழங்காலை நாடிவரை மடித்துக்கொண்டு அதில் அமர்ந்து வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்தார். கோவில் வீதியில் அவர் இறங்கப் பட்ட பாட்டைப் பார்த்த அயல்வீட்டு மாமி, "தம்பி, பிள்ளையோட ஏதும் கோவமோ?" என்று என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

எயார்பாக் மாற்றியபின் ஓட்டத்தில் ஒரு மாற்றமும் தெரியாது, தெரியவும் கூடாது. மற்றப்படி இந்தக் கார் எனக்குத் துரோகம் செய்யவில்லை. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் மட்டும் பங்கிட்டுக் கிடைத்த நாட்களில், ஏ9 இல் லீற்றருக்கு 19 கிலோமீற்றர் ஓடிய இந்தக் காரை நான் மனதாரப் புகழ்ந்தேன். பழைய நிக்கல் பற்றரி 2021 இல் சோர்ந்தது. முழுதாக நின்ற சார்ஜ் கோடுகள் மாங்குளம் தாண்டியதும் ஒரேயடியாகக் கீழே இறங்கும், சிறிது நேரத்தில் மீண்டும் ஏறும். கராஜில் திறந்தபோது பற்றரியைக் குளிர்விக்கும் விசிறியில் செம்மண் தூசு கம்பளிபோலப் படிந்திருந்தது. பலவீனமான கலங்களை மாற்றி, ஆண்டுக்கு இருமுறை விசிறியைத் துப்புரவாக்குவதால் இன்றுவரை ஓடுகிறது. முன் பம்பர் மதகுகளில் உரசாத மாதமில்லை. அதைச் சொல்லி முறையிட எனக்கு உரிமையில்லை.

போன மாதம் மல்லாவியிலிருந்து மருமகன் முறையான பெடியன் ஒருவன் இதே மொடலைப் பார்க்கக் கூப்பிட்டான். அவன் எஞ்சினைத் திறந்து ரசித்துக்கொண்டிருக்க, நான் சாரதிக் கதவைத் திறந்து குந்தியிருந்து, கதவு கொளுவும் கம்பிக்குப் பக்கத்தில் ரோச் அடித்துப் பார்த்தேன். ஜப்பானில் மீளழைப்பு வேலை முடித்தால் அந்த இடத்தில் அறிவிப்பு எண் எழுதிய சிறிய ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒன்றும் இல்லை, ஆனால் கதவுத் தூணின் ஓரத்தில் பெயின்ற் தடிப்பு மாறியிருந்தது, அடிபட்டு மீளப் பூசியதன் அடையாளமாக இருக்கலாம். சேசி எண்ணை இட்டுப் பார்த்தோம், எயார்பாக் 'செய்யப்பட்டது' என்று வந்தது. அவன் சிரித்தான். அடிபட்டு எயார்பாக் வெடித்த காருக்கு உடைத்த கார்க் கடையிலிருந்து பழைய எயார்பாக்கைப் போட்டிருந்தால் இந்தப் பதிவுக்கு அது தெரியாது என்று விளக்கி, டாஷ்போர்டைக் கழற்றிக் குடுவையின் லேபிளைப் பார்க்க அனுமதி கேட்டேன். உரிமையாளர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை, மருமகன் வேறு கார் தேடுகிறான்.