பலகையா, துணியா, காகிதமா: கூடவே எடுத்துப் போகும் உயரக்கோல்

கதவு நிலையில் கோடு போட்டுப் பிள்ளையின் உயரத்தைக் குறித்து வைப்பதில் ஒரே ஒரு சங்கடம்தான். வீடு மாறினால் அந்தக் கோடுகள் நம்மோடு வராது, வெள்ளையடித்தால் மிச்சமும் இருக்காது. அதனால் கழற்றி எடுத்துப் போகிற மாதிரி ஒன்றை நாமே செய்துகொள்வது நல்லது. மரப்பலகை, துணிச்சுருள், காகிதச்சுருள் என மூன்று வழிகள் உண்டு. மூன்றிடமும் நான் கேட்பது ஒரே கேள்வி: ஐந்து வருடம் கழித்து வேறொரு சுவரில் மாட்டினாலும் இது சரியாக அளக்குமா?

மூன்று வயதுக்குப் பிறகு, பருவ வயது வரும்வரை, பிள்ளைகள் வருடத்துக்கு ஏறக்குறைய 5 முதல் 7 செ.மீ. வளர்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறித்தால் இரண்டு கோடுகளுக்கு நடுவே 3 செ.மீ. இருக்கும், அவ்வளவுதான். துணி நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கினாலே ஒரு மீட்டரில் 1 செ.மீ. போய்விடும். பழைய கோடுகளும் துணியோடு சேர்ந்து கீழே இறங்கிவிடுவதால், அடுத்த முறை அளக்கும்போது பிள்ளை திடீரென்று வளர்ந்ததுபோல் தெரியும்.

இந்த விஷயத்தில் மரத்தை மிஞ்ச எதுவும் இல்லை. ஈரப்பதத்தில் மரம் அகலவாக்கில் உப்பும், சுருங்கும். ஆனால் நார் ஓடும் நீளவாக்கில் மாற்றம் மிகமிகக் குறைவு. நாம் அளப்பது நீளத்தில்தானே. மை நார்வழியே கசிவதுதான் தொல்லை. அளவுக் கோடுகளைக் கத்திமுனையால் லேசாகக் கீறிவிட்டு அதன்மேல் மை போட்டால் கசிவு அங்கேயே நின்றுவிடும்.

சரி, ஆளுயரப் பலகையை எப்படித் தூக்கிக்கொண்டு போவது? நடுவில் கீல் வைத்து மடிக்கலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, கீல் தளர்ந்தால் இடைவெளி விழும், அளவும் கெடும். அதைவிட, ஆளுயரமே தேவையில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். இரண்டு வயதுக்குள் குழந்தையைப் படுக்கவைத்துத்தான் அளப்பார்கள். நிற்கவைத்து அளக்கத் தொடங்கும்போது பெரும்பாலான பிள்ளைகள் 80 செ.மீ.யைத் தாண்டியிருப்பார்கள். ஆக, 70-இல் தொடங்கி 180 வரை காட்டும் 110 செ.மீ. பலகை போதும். அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து சரியாக 70 செ.மீ. உயரத்தில் இருக்கவேண்டும் என்று பின்பக்கம் எழுதிவையுங்கள். புது வீட்டில் ஆணி அடிக்கும்முன் அதைப் பார்த்துக்கொண்டால் ஆயிற்று.

பெட்டிக்குள் அடங்கியே தீரவேண்டும் என்றால் துணிதான். கெட்டியான கேன்வாஸ் நல்லது. இழுத்தால் நீளும் பின்னல் துணி வேண்டவே வேண்டாம். முதலில் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிட்டுப் பிறகு அளவு குறியுங்கள். அதற்கப்புறம் தண்ணீரில் போடக்கூடாது. மேலும் கீழும் ஒரு குச்சி கோத்துக்கொள்ளுங்கள், கீழ்க்குச்சி லேசாக இருக்கட்டும், கனமானால் துணி இழுபடும். மடித்தால் சுருக்கம் விழும், அதனால் அட்டைக்குழாயில் சுற்றிவையுங்கள். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் 100 என்ற கோடு தரையிலிருந்து 100 செ.மீ.யில் நிற்கிறதா என்று இரும்பு டேப் வைத்துப் பாருங்கள். பலகைக்கு இந்த வேலை ஒரு வீட்டில் ஒருமுறைதான். அதனால்தான் என் ஓட்டு பலகைக்கு.

காகிதம் எளிதில் கிழியும், ஈரக்காற்றில் நெளியும். பலகைக்கு முன் மாதிரி வரைந்து பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

எதில் குறித்தாலும் அளக்கும் முறை ஒன்றுதான். செருப்பு, கொண்டை எதுவும் வேண்டாம். குதிகால் சுவரை ஒட்டியிருக்கவேண்டும், பார்வை நேராக இருக்கவேண்டும். பென்சிலைத் தலைமேல் வைத்துக் கோடு இழுத்தால் சாய்ந்துவிடும். கெட்டி அட்டைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைச் சுவரோடு அழுத்தி, அடிப்பக்கம் தலையைத் தொடுமாறு இறக்குங்கள். முதுகெலும்பு வட்டுகள் பகலில் அழுந்துவதால் காலையில் இருக்கும் உயரம் மாலைக்குள் 1 செ.மீ. வரைகூடக் குறையும். எனவே எப்போதும் ஒரே வேளையில் அளங்கள். கோட்டின் பக்கத்திலேயே தேதியையும் எண்ணையும் எழுதிவிடுங்கள். இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கொரு விளிம்பு கொடுங்கள், ஒரே வயதில் யார் எவ்வளவு இருந்தார்கள் என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.