பாக்கெட் ஹோலுக்கு எந்த ஸ்க்ரூ: கறுப்பா, பான் ஹெட்டா, ஒரிஜினலா?

பாக்கெட் ஹோல் என்பது ஒரு பலகையில் சாய்வாகத் துளை போட்டு, அதன் வழியே ஸ்க்ரூவை முடுக்கி அடுத்த பலகையோடு இணைக்கும் முறை. அந்தச் சாய்வில் டிரில் பிட்டைப் பிடித்துக் கொடுக்கும் சட்டமான ஜிக் ஒருமுறை வாங்கினால் போதும். ஸ்க்ரூவுக்குத்தான் செலவு ஓயாது. பாக்கெட் ஹோலுக்கென்றே செய்த ஸ்க்ரூ, கடலூர், புதுச்சேரி ஹார்டுவேர் கடைகளில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் சரக்கு அல்ல. ஆன்லைனில் கிடைக்கும், சாதாரண ஸ்க்ரூவைவிடப் பல மடங்கு விலையில். உள்ளூரில் கிடைப்பதில் எது அதற்கு ஈடுகொடுக்கும்?

விலையைக் கேட்பதற்கு முன் தலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஜிக் சுமார் 15 டிகிரி சாய்வில் துளை போடுகிறது. படிவைத்த பிட் (முனை ஒல்லி, மேல்பகுதி அகலம்) 9.5 மி.மீ. அகலத்தில் இறங்கி, அடியில் தட்டையாக ஒரு திட்டு விட்டு நிற்கும். அந்தத் திட்டில் தலை தட்டையாக உட்கார்ந்தால்தான் இரண்டு பலகையும் நெருங்கி இறுகும்.

கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ எல்லாக் கடையிலும் உண்டு, விலையும் மலிவு. ஆனால் தலை புனல் மாதிரி கீழ்நோக்கி ஒடுங்குகிறது. திட்டில் நிற்காமல் ஆப்பாக உள்ளே இறங்கும். 18 மி.மீ. பிளைவுட்டில் கடைசிச் சுற்றைக் கவனித்தால் தெரியும்: பாக்கெட்டின் வாயிலிருந்து மெல்லிய கோடு ஒன்று கிளம்பும், விளிம்பில் அடுக்கு லேசாக உப்பும். வேம்பிலோ பண்ருட்டிப் பலாக்கட்டையிலோ அந்த விரிசல் நார்ப்போக்கில் ஓடிவிடும். கெட்டிப்படுத்திய இரும்பு என்பதால் வளையாது, பக்கவாட்டுப் பளு வந்தால் பட்டென்று ஒடியும். அந்தக் கறுப்புப் பூச்சு உப்புக்காற்றையும் தாங்காது. தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ வீடு என்றால் இதைத் தொடவே வேண்டாம்.

மஞ்சள் சிப்போர்டு ஸ்க்ரூவும் பெரும்பாலும் சரிவுத் தலைதான், அதே குறை. அகலமாக, மெல்லிசாகத் தலை உள்ள வேஃபர் ஹெட்டின் அடி தட்டை. ஆனால் தலை வழக்கமாக 10 மி.மீ.க்கு மேல் அகலம், துளைக்குள் நுழையாது.

மிஞ்சுவது பான் ஹெட் செல்ஃப் டேப்பிங்: தலை மேலே உருண்டை, அடி தட்டை. என் ஓட்டு இதற்குத்தான். 8-ஆம் நம்பர் கேளுங்கள்: தண்டு 4.2 மி.மீ., தலை ஏறக்குறைய 8 மி.மீ., தாராளமாக இறங்கித் திட்டில் உட்காரும். 10-ஆம் நம்பர் வேண்டாம், தலை 9.5 மி.மீ.யைத் தொட்டுச் சிக்கிக்கொள்ளும்.

இதற்கும் சில பக்குவம் உண்டு. மரை தலைவரை ஓடுவதால் முதல் பலகையையும் கடிக்கும். இரண்டையும் கிளாம்பில் இறுக்காமல் முடுக்கினால் நடுவே சந்து விழும். முனையில் மரத்தை வெட்டும் பள்ளம் இல்லாததால் கெட்டிக் கட்டையில் 3 மி.மீ. முன்துளை போட்டே ஆகவேண்டும். தலையில் உள்ள ஸ்டார் (கூட்டல் குறி) பள்ளம் வழுக்கும், ஆகவே தேயாத நீள பிட், டிரில்லில் குறைந்த கிளட்ச் (முடுக்கும் விசையின் வரம்பு) வேண்டும்.

ஜிங்க் பூச்சா, எஸ்.எஸ்.ஸா (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்)? ஹாலில் வைக்கும் புத்தக அலமாரிக்கு ஜிங்க் போதும். சமையலறை, குளியலறை, பால்கனி என்றால் 304 ரக எஸ்.எஸ். கடைக்குப் போகும்போது ஒரு காந்தம் எடுத்துப்போங்கள். பலமாக ஒட்டினால் அது 410 ரகமாக இருக்கலாம்: முறுக்குத் தாங்கும், ஆனால் கடற்கரையில் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒட்டாததெல்லாம் 304 என்றும் நம்பிவிடாதீர்கள். 202 ரகமும் ஒட்டாது, பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். 304 கொஞ்சம் மென்மையானது, அவசரப்பட்டு முடுக்கினால் பள்ளம் சிதையும்.

ஒரிஜினல் பாக்கெட் ஸ்க்ரூவுக்குக் காசு கொடுக்க வேண்டிய இடம் நாற்காலியும் கட்டிலும். முனை தானே மரத்தை வெட்டி இறங்கும், சதுரக் குழியில் பிட் வழுக்காது. பிளைவுட், பைனுக்கு அகல மரை. தேக்கு போன்ற கெட்டி மரத்துக்கு நெருக்க மரை. அதிலும் சாதாரண ஜிங்க் பூச்சு வீட்டுக்குள் வைப்பதற்குத்தான். மாடித் தோட்ட பெஞ்சுக்கு வெளிப்புறப் பூச்சு போட்டதையே வாங்க வேண்டும்.

எதை வாங்கினாலும் நீளம் ஒன்றுதான்: 18 மி.மீ. பலகைக்கு 32 மி.மீ., 12 மி.மீ.க்கு 25. அதற்கு மேல் போனால் முனை மறுபுறம் எட்டிப் பார்க்கும்.